களிமண் அரசனை எழுப்பிய கிழமை

மூதூர் போகிற லோஞ்சுப் படகில் ஒரு மனிதர் தன் தலையை நனையவிட்டு, மடியிலிருந்த கிரீடத்துக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த எண்ணம் வந்தது அந்த நிமிஷத்தில்தான்.

மழை இல்லை. சோளகக் காற்றுதான் கொட்டியாரக் குடாத் தண்ணீரை அள்ளி அள்ளி லோஞ்சுக்குள் எறிந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் நடுப்பலகைக்கு ஒதுங்கிவிட்டார்கள். அவர் ஓரத்திலேயே இருந்தார். காக்கிக் காற்சட்டை, முழங்காலில் கிறீஸ் கறை. துவாயில் சுற்றிய கிரீடத்தில் துணி விலகிய இடமெல்லாம் கண்ணாடித் துண்டுகளும், தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டி வருகிற ஈயத்தாளும் மினுங்கின. ஆள் தெப்பமாக நனைந்துவிட்டார். ஆனால் அந்தக் கழுத்து! லோஞ்சு ஒவ்வோர் அலைக்கும் சரிந்து நிமிர்ந்தது, கழுத்து மட்டும் அசையவில்லை. மடியிலிருந்த கிரீடத்தைத் தலையில் வைத்திருப்பவர்போல இருந்தார்.

அதற்கு முன்பே நான் களிமண்ணில் கூத்துக்காரரைச் செய்துகொண்டுதான் இருந்தேன். பள்ளிக்கூடப் பொருட்காட்சிக்கு மத்தளக்காரன், கட்டியகாரன், ராணி என்று ஒரு சாண் உயரத்தில் செய்து வைத்தேன். எல்லோருக்கும் ஒரே முகம்: மாவடுக் கண், சின்ன வாய், ஒரு சிரிப்பு. வந்தவர்கள் "வடிவாய் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்கள். அந்த "வடிவாய் இருக்கு" எனக்கு நாலைந்து நாள் நித்திரை தரவில்லை. லோஞ்சில் அந்த மனிதரைப் பார்த்ததும் எங்கே பிழை விட்டேன் என்று விளங்கிவிட்டது. அரசனுக்கு அரச முகம் வைக்கத் தேவையில்லை. வேலை செய்து களைத்த இந்த முகத்தையே வைத்து, மேலே கிரீடத்தை வைக்கவேண்டும். ஒரு கூத்தில் ஆடுகிற எல்லோரையும் அவரவர் சொந்த முகத்தோடு செய்யவேண்டும்.

மூதூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியை வேலைக்கு மனுக் கொடுக்கத்தான் நான் போய்க்கொண்டிருந்தேன். மனுவைக் கொடுத்தேனா, அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் நினைவில்லை. படகுத்துறை ஜெட்டியில் இறங்கியதும் அவரைத் துரத்திப் பிடித்தது மட்டும் நினைவிருக்கிறது.

"அண்ணை, அது கூத்து ராசாவின்ரை முடியோ?"

"ஓம். ஏன் தங்கச்சி, உங்களுக்கும் எங்கையும் ஒரு நாடு கிடைச்சிருக்கோ?"

திருகோணமலைத் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டி ஏற்றுகிற கப்பல்களில், பாரம் தூக்குகிற வின்ச் இயந்திரத்தில் அவருக்கு வேலை. கிழமை நாட்களில் டவுனில் ஒரு அறையில் நாலு பேரோடு தங்குவார். சனி பின்னேரம் லோஞ்சேறி, மூதூருக்கு அப்பால் பஸ்ஸில் கால் மணி நேரத் தூரத்திலிருக்கும் தன் ஊருக்குப் போய், ஞாயிறு முழுக்கக் கூத்துப் பழகுவார். ஒன்பது வருஷம் கட்டியகாரனாக ஆடியவர். அரசன் வருவதற்கு முன் கூத்து ஆடுகிற களரிக்குள் ஓடிவந்து, அரசன் வருகிறான் என்று சொல்லிவிட்டுப் போகிற ஆள்தான் கட்டியகாரன். இந்த முறைதான் கூத்துப் பழக்குகிற ஊர் அண்ணாவியார் அவருக்கு அரசனின் பாட்டெல்லாம் எழுதிய கொப்பியைக் கையில் கொடுத்திருந்தார். அதைச் சோற்றுப் பார்சலோடு வைத்துக்கொண்டு திரிந்தார். கப்பலில் கூட வேலை செய்கிறவர்கள், "மகாராசா, பெட்டியை இறக்க உத்தரவோ?" என்று கேட்டுத்தான் கயிறு கொடுப்பார்களாம். அதைச் சொல்லும்போது அவருக்கு வெட்கமும் சந்தோஷப் புளுகமும் சரிபாதியாக வந்தது.

அடுத்த ஞாயிறே நான் போய் நின்றேன். மற்ற ஞாயிறுகளும். திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டில் அதற்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: கடைசி லோஞ்சில் திரும்பிவிட வேண்டும். அப்பா வேலை செய்கிற கந்தோரின் நண்பர்களில் யாராவது ஒருவர் எப்போதும் ஜெட்டியில் நிற்பார், ஏமாற்ற ஏலாது.

வேலை செய்ய எனக்கு அம்மா சமைக்கிற குசினியின் மூலையில் ஒரு மேசை இருந்தது. களி தம்பலகாமத்துக் குளக்கட்டிலிருந்து வந்தது. அங்கே வயல் செய்கிற மாமா பஸ்ஸில் உரப்பையோடு கொண்டுவந்து இறக்குவார். அதைப் பிசைந்து, தென்னந்தும்பைப் பொடியாக வெட்டிக் கலக்க வேண்டும். தும்பு இல்லாவிட்டால் காயும்போது வெடித்துவிடும். உள்ளே எலும்புபோலக் கம்பி. வடமோடிக் கூத்தில் அரசன் உடுக்கிற கரப்புடுப்பு, கோழி மூடுகிற கரப்பைக் கவிழ்த்ததுபோல இடுப்பிலிருந்து வட்டமாக விரிந்து நிற்கும். அதை ஈர்க்கில் வளையம் கட்டி, தையற்கடைத் துண்டுத் துணியால் போர்த்திச் செய்தேன். கிரீடத்துக்கு அதே தேயிலைப் பெட்டி ஈயத்தாள். ஒட்டுவதற்குத்தான் வழியில்லை. மாவுக்குப் பஞ்சம் பிடித்து, பாணுக்கே விடிய எழும்பி வரிசையில் நின்ற காலம் அது.

"சனம் பாணுக்கு மாவில்லாமல் அந்தரப்படுது, உன்ரை ராசாமாருக்கு மாப்பசையோ?" என்று அம்மா பறித்துக்கொண்டு போய்விட்டா. பிறகு மரவள்ளி மாவில் கூழ் காய்ச்சி ஒட்டினேன். ஒட்டியது. எறும்பும் வந்தது.

பதினொரு உருவங்கள். பத்து நின்றன. பதினொன்றாவது விழுந்து கிடந்தது. அதுதான் நான் செய்ததிலெல்லாம் சிறந்தது; இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

கூத்தின் முடிவில் அந்த அரசன் அம்பு பட்டு விழுவான். ஞாயிற்றுக்கிழமைக் கூத்துப் பழக்கத்தில் அந்த இடம் எப்போதும் கடைசி லோஞ்சு நேரத்துக்குக் கிட்டத்தான் வரும். நான் ஒரு கண்ணை மணிக்கூட்டில் வைத்துக்கொண்டு பார்ப்பேன். மூன்று சுற்றுச் சுழன்று, இடது முழங்கால் மடிந்து, கேடயக் கை முதலில் நிலத்தில் பட்டு, பிறகு ஆள் முழுக்கச் சரிவார். அவர் சரிந்ததும் நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். மூன்று ஞாயிறு இப்படி ஓடினேன்.

அதை அப்படியே செய்தேன். கேடயக் கையில் தலை, ஒரு பக்கம் தூக்கி நிற்கிற கரப்புடுப்பு, அதற்குள்ளிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற வின்ச்காரரின் மெலிந்த கால்கள். கிரீடம் கழன்றும் கழலாமலும். பாதி மூடிய கண், வாயோரத்தில் ஒரு இழுப்பு. முகம் அவருடைய முகம். ஒரு சதம்கூடப் பிசகவில்லை. வர்ணம் பூசாமல், காயவைத்த களியாகவே முன் அறைக் கண்ணாடி அலுமாரியின் மேல் தட்டில், அம்மாவின் நல்ல கோப்பைகளைத் தள்ளிவிட்டு வைத்தேன்.

அவரை ஒரு நாள் வேலை முடிந்ததும் கூட்டிவந்து காட்டினேன். கதிரையில் இருக்கவில்லை. குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"நான் இவ்வளவு களைச்சோ விழுறனான்?"

"ஓம் அண்ணை. அதுதானே வடிவு."

"ம்." பிறகும் பார்த்தார். "எழும்புறது எங்க?"

பகிடி என்று நினைத்தேன். "எழும்பினால் பிறகு செத்தது என்னத்துக்கு?" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் கழுத்தைச் சொறிந்துகொண்டு தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தார். வாசலிலேயே நின்றார்.

"தங்கச்சி, ஒரு கரைச்சல். ஊரில கதை போயிட்டுது. அண்ணாவியார் சொல்லிப்போட்டார், எனக்குச் சதங்கை கட்டேலாதாம்."

சதங்கை கட்டுவது என்றால், பழகி முடிந்தவர்களுக்கு அண்ணாவியார் முதன்முதலாகக் காலில் சதங்கை அணிவிக்கிற நாள். அதற்குப் பிறகுதான் அரங்கேற்றம். சதங்கை இல்லாதவருக்கு அரங்கேற்றம் இல்லை. அதற்கு இன்னும் பதினேழு நாட்கள் இருந்தன.

"ஏனாம்?"

அப்போதுதான் எனக்குத் தெரியாத பாதியை அவர் சொன்னார். அவர்கள் ஊரில் களரியில் செத்து விழுகிறவரை அப்படியே விட்டுவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போகமாட்டார்கள். வெள்ளைத் துணியால் மூடுவார்கள். மத்தளம் நிற்கும். அண்ணாவியார் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். விழுந்தவர் துணியை விலக்கி எழும்பி, களரியை ஒரு சுற்று ஆடி வருவார். எல்லோரும், முக்கியமாக அவருடைய வீட்டுக்காரர், அவர் உயிரோடு இருக்கிறதைக் கண்ணால் கண்ட பிறகுதான் கூத்து நகரும். பழக்கத்திலும் அப்படித்தான். நான் லோஞ்சுக்கு ஓடியபிறகு நடப்பது.

"விழுந்தவன் எழும்பாமல் டவுனில ஒரு அலுமாரியில கிடக்கிறான். அவன் அங்க எழும்பாமல் இவனை இங்க எப்பிடி ஆட விடுறது எண்டு கேக்கிறார் அண்ணாவியார். வீட்டில என்ரை மனுசி சாப்பிடுறாவில்லை."

"அண்ணை, அது களிமண்."

"எனக்குத் தெரியாதோ? மண் எண்டு எனக்குத் தெரியும். முகம் ஆரின்ரை?"

பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் நாக்கு நுனியில் நின்றது. "அப்ப உடைச்சுப் போடுறன்" என்றேன் கோபத்தோடு. அவருடைய முகம் வெளிறியதைப் பார்க்கவேண்டும். "ஐயோ, அதைச் செய்து போடாதேங்கோ!" என்று அலுமாரிக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். உடைக்கவும் கூடாது, கடலில் கரைக்கவும் கூடாது, துணியால் மூடி வைக்கவும் கூடாது. அண்ணாவியார் ஏற்கெனவே அரசனின் கொப்பியை இன்னொருவருக்கும் எழுதக் கொடுத்துவிட்டாராம். அதைச் சொல்லும்போதுதான் அவருடைய குரல் உடைந்தது. ஒன்பது வருஷம் மற்றவன் வருகிறான் என்று கத்திக்கொண்டிருந்த ஆள்.

அந்தப் பதினேழு நாட்களில் முதல் பத்து நாட்களை நான் வீணாக்கினேன். இப்படியான மூடநம்பிக்கைக்கு இடம் கொடுக்கக்கூடாது என்று காலையில் நினைப்பேன். மத்தியானம் துறைமுகச் சங்கு ஊதும்போது கையிலிருப்பதைப் போட்டுவிட்டு யன்னலுக்கு ஓடுவேன். சங்கு ஒவ்வொரு நாளும் அதே நேரத்துக்குத்தான் ஊதியது. ஆனால் எனக்கு அது நீளமாக ஊதுவதாகப் பட்டது. நேற்றையதைவிட நீளமாக, ஏதோ நடந்துவிட்டதுபோல. வின்ச்சில் கயிறு அறுந்தால் என்ன ஆகும், பெட்டித் தூக்கு ஒரு பக்கம் சரிந்தால் கீழே நிற்பது யார் என்றெல்லாம் மனது படம் வரைந்தது. என் கைதான் உருவம் செய்யப் பழகிய கையாயிற்றே, படமெல்லாம் திருத்தமாக வந்தது. அலுமாரியைக் கடக்கும்போது கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளத் தொடங்கினேன். நான் செய்த முகத்துக்கு நானே பயந்தேன்.

பத்தாவது நாள் பாண் வரிசையில் யாரோ சொன்னார்கள்: "ஹாபரில ஒருத்தனுக்குப் பெட்டி விழுந்திட்டுதாம்."

பாணை விட்டேன். வரிசையையும் விட்டேன். தம்பியின் சைக்கிளில் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போய்த் துறைமுகக் கேற்றில் இறங்கினேன். உள்ளே விடமாட்டார்கள். காவல்காரர், "ஆரைப் பாக்க வேணும், பிள்ளை?" என்று கேட்டார். பெயர்கூடச் சரியாகத் தெரியாது என்று அப்போதுதான் உறைத்தது. "அரசன்" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. உள்ளே திரும்பி, "மகாராசாவை வரச் சொல்லு!" என்று கத்தினார்.

அவர் வந்தார். முழு உடம்போடு, கையில் பிளேன்ரீத் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தார். பெட்டி விழுந்தது வேறொருவரின் கால் விரலில், நகம்தான் போனதாம்.

என்னைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "என்ன தங்கச்சி, களிமண் தானே எண்டு சொன்னனீங்கள்?" என்றார். பிறகு, என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும், "இந்தாங்கோ, ஒரு வாய் குடியுங்கோ" என்று கோப்பையைக் கேற்றுக் கம்பிக்குள்ளால் நீட்டினார்.

குடிக்கவில்லை. "அண்ணாவியாருக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டேன்.

"அவனை எழுப்பட்டாம்."

"காய்ஞ்ச களி எழும்பாது, அண்ணை."

"அதை என்ரை ஆளிட்டைச் சொல்லுங்கோ. திங்கட்கிழமை வாறா."

திங்கட்கிழமை முதல் லோஞ்சில் அவருடைய மனைவி வந்தா. உயரமான, குறைவாகப் பேசுகிற பெண். கையில் ஒரு பனையோலை உமல், அதற்குள் மடித்த ஒரு சிவப்புச் சேலைத் துண்டு. அலுமாரிக்கு முன் நின்று பார்த்தா. அழவில்லை. "கால் சரி" என்றா. "கையும் சரி." பிறகு என்னைப் பார்த்தா. "நல்லாத்தான் செய்திருக்கிறீங்கள், பிள்ளை. அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

அவ்வளவு பேர் "வடிவாய் இருக்கு" என்று சொன்னதற்கு இல்லாத கனம் அந்தப் பயத்துக்கு இருந்தது. அன்றைக்கு எனக்கு அது பெருமையாக இல்லை.

நான் சொன்னேன்: சுடாத களி என்றபடியால் ஈரத் துணி சுற்றி வைத்தால் திரும்ப இளகும். தும்பு பிடித்துக்கொண்டிருக்கும், கம்பியை வளைக்கலாம். ஆனால் ஈரம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஏறாது. முழங்கால் இளகுவதற்குள் விரல்களும் முகமும் கரைந்து போகும். முகம் போய்விடும், அக்கா.

"போகட்டும்" என்றா, நான் முடிப்பதற்குள்.

போகட்டும்! எனக்குச் சுருக்கென்றது. அந்த முகத்துக்காகத்தான் எல்லாமே. அதை வைத்துத்தான் கொழும்புப் பொருட்காட்சிக்கு அனுப்புவது, அதைப் பார்த்து ஒருவரும் அடுத்த மேசைக்குப் போகமாட்டார்கள் என்றெல்லாம் நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். முகத்தை மட்டும் மெழுகுத் தாளால் மூடிக் காப்பாற்றலாமா என்று கேட்டேன். "மூடக்கூடாது, பிள்ளை" என்றா.

இரண்டு நாள் ஈரம். வெள்ளைத் துணி வேண்டாம் என்று அவ கொண்டுவந்த சிவப்புச் சேலைத் துண்டில்தான் சுற்றினோம், முகத்தை வெளியே விட்டு. வாளியைக் கவிழ்த்தால் அதுவும் மூடியதாகிவிடும் என்று திறந்தபடியே யன்னலோரம் வைத்து, மணிக்கு ஒருதரம் தண்ணீர் தெளித்தேன். முகம் வெளியே இருந்தாலும் தண்ணீர் கழுத்து வழியாக ஏறியது. செவ்வாய் மத்தியானம் நாடி மழுங்கியது. பின்னேரம் வாயோரத்து இழுப்பு, மூன்று நாள் செலவழித்த அந்த இழுப்பு, ஒரு பக்கமாக வழிந்தது. நான் தெளித்துக்கொண்டே இருந்தேன்.

புதன் காலை அவ திரும்பவும் வந்தா. வெள்ளிக்கிழமை சதங்கை கட்டு. கரப்புடுப்பைக் கழற்றி எடுத்தோம். ஈயத்தாள் கிரீடத்தைத் தனியே வைத்தோம். அவ இரண்டு கையாலும் முதுகைத் தாங்கிப் பிடித்தா, தொட்டில் பிள்ளையைத் தூக்குவதுபோல. நான் முழங்காலைத் திருப்பினேன்.

"மெல்ல. இடது கால் இல்லை, வலது காலைத்தான் முதல்ல ஊண்டுறவர்."

"வலது காலோ? கை எங்க இருக்கும்?"

அவவுக்குச் சொல்லத் தெரியவில்லை. "இப்பிடி" என்றா, அந்தரத்தில் கையை ஆட்டி. எனக்கு விளங்கவில்லை. "பிடியுங்கோ" என்று உருவத்தை என் கையில் தந்துவிட்டு, குசினி நிலத்தில் சப்பாணி கட்டி இருந்தா. படுக்கமாட்டாவாம், இருந்தபடிதான் காட்டுவா. சேலையை இழுத்துச் செருகினா. வலது உள்ளங்கையை நிலத்தில் ஊன்றினா, வலது பாதம் முன்னுக்கு வந்தது, தலை கடைசியாக நிமிர்ந்தது. எழும்பினா. அதோடு நிற்கவில்லை. வாயால் தாளம் சொல்லிக்கொண்டு, அரிசிப் பானைக்கும் அம்மிக்கும் நடுவில் அரசனின் வரவு ஆட்டத்தை ஒரு சுற்று ஆடினா. ஒரு பிழையில்லை! ஒன்பது வருஷமும் இந்த வருஷமும் ஓரத்தில் நின்று பார்த்தே எல்லாம் ஏறியிருக்கிறது.

அகப்பையோடு அம்மா வாசலில் நின்றா. "என்னடி இது, என்ரை குசினிக்குள்ள அரங்கேற்றமோ?" என்றா. பிறகு, "அந்தத் திரும்புறதை இன்னொருக்கால் காட்டுங்கோ, பிள்ளை" என்று கேட்டா.

நாங்கள் எழுப்பினோம். இரண்டாவது வளைவில் முழங்காலுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். கம்பி. உள்ளே ஒடிந்துவிட்டது. அவ உருவத்தை விடவில்லை. உதடு மட்டும் அசைந்தது, என்ன சொன்னா என்று தெரியாது. ஒரு ஈர்க்கை ஒடித்துக் களிக்குள் சொருகிப் பொருத்தினேன், விரலால் அழுத்தினேன், பத்து நிமிஷம் அசையாமல் பிடித்தேன். பிடித்தது. வலது பாதம் ஊன்றி, ஒரு முழங்கால் நிலத்தில், கை நிலத்தை விடப்போகிற நேரத்தில் அரசன் இருந்தான். முழுக்க எழும்பவில்லை. கிடக்கவும் இல்லை.

முகத்தில் ஒன்றுமில்லை. மூக்கு இருந்த இடத்தில் ஒரு மேடு, கண்கள் இருந்த இடத்தில் விரல் அழுத்தியதுபோல இரண்டு குழி. ஈர்க்குக் குச்சியை எடுத்தேன். அந்த முகம் எனக்கு மனப்பாடம். அரை மணி நேரம் போதும். குச்சி நுனி களியில் படுவதற்குள் அவ என் மணிக்கட்டைப் பிடித்தா.

"முகத்தில கை வைக்க வேண்டாம், பிள்ளை."

"அக்கா, இப்ப எழும்பிட்டார் தானே!"

"எழும்பிட்டார். இப்ப இது அவர் இல்லை. இப்பிடியே இருக்கட்டும்."

கை வலிக்கவில்லை, மெல்லத்தான் பிடித்திருந்தா. உதறியிருக்கலாம். அவ லோஞ்சேறின பிறகு ஒருவருக்கும் தெரியாமல் செய்திருக்கலாம். இப்போதும் அதை ஒளிக்காமல் எழுதுகிறேன்: செய்வேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் கேற்றுக் கம்பிக்குள்ளால் நீண்ட பிளேன்ரீக் கோப்பை மனதில் வந்தது. ஈர்க்கை அடுப்புக்குள் போட்டேன். அவ கையை எடுத்தா. "அரங்கேற்றத்துக்கு வாங்கோ. என்ரை பக்கத்தில இருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனா.

வெள்ளிக்கிழமை அவருக்குச் சதங்கை கட்டினார்கள். அண்ணாவியார் அவருடைய மனைவியை ஒரு கேள்விதான் கேட்டாராம்: "கண்ணால கண்டனியோ?" "கண்டனான்" என்றாவாம். அவ்வளவுதான். மற்ற ஆளிடமிருந்து கொப்பியைத் திருப்பி வாங்கிவிட்டார்கள். அந்த ஆளுக்கும் அந்தப் பதினேழு நாளில் பாதிப் பாட்டு மனப்பாடமாகியிருந்தது, பாவம்.

அரங்கேற்றத்துக்கு அம்மாவும் வந்தா. தனியே விடமாட்டேன் என்றா. வந்து, ராணி வரவு முடிவதற்குள்ளேயே என் தோளில் நித்திரையாகிவிட்டா. அரசன் விழுந்தது கிழக்கு வெளுத்த நேரத்தில். மூன்று சுற்று, இடது முழங்கால், கேடயக் கை. லோஞ்சு இல்லை, மணிக்கூடு இல்லை. இந்த முறை முழுவதையும் பார்க்கப்போகிறேன் என்று கண் இமைக்காமல் இருந்தேன். வெள்ளைத் துணி விழுந்தது. மத்தளம் நின்றது. அண்ணாவியார் செம்பை எடுத்தார், தெளித்தார்.

துணி அசையவில்லை.

பழக்கத்தில் இவ்வளவு நேரம் கிடப்பாரா? எனக்குத் தெரியாது, நான் ஒருநாளும் பார்க்கவில்லையே. குசினியில் கேட்ட அந்த 'டக்' சத்தம் காதுக்குள் கேட்டது. அம்மா விழித்துக்கொண்டு என் கையை இறுக்கினா. யாரிடம் கேட்பது என்று பக்கத்தில் திரும்பினேன். வின்ச்காரரின் மனைவி எழும்பி, சேலைத் தலைப்பைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றா. இரண்டு குதிகளும் நிலத்தில் இல்லை. விரல் நுனிகளில் நின்றா, முன்னால் நிற்கிறவர்களின் தலைகளுக்கு மேலால் பார்த்தபடி. கழுத்து நரம்பு தெறித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றா என்று சொல்ல ஏலாது. பிறகு, மெல்ல, முதலில் வலது குதி இறங்கியது. பிறகு இடது. வாயிலிருந்து தலைப்பு விழுந்தது. அப்போதுதான் மத்தளம் என் காதில் விழுந்தது. சனம் கூவியது. நான் திரும்பிப் பார்த்தபோது அவர் களரியில் அரைச் சுற்று ஆடி முடித்திருந்தார்.

எழும்பியதை நான் பார்க்கவில்லை. அதற்காக ஒரு துளி கவலையும் வரவில்லை.

முகமில்லாத அரசனை இனித் தொடமாட்டேன். அவன் பத்துப் பேரோடும் அலுமாரியில் இருக்கட்டும். இப்போது என் மேசையில் களி பிசைந்து கிடக்கிறது. அடுத்தது ஒரு பெண், களரியின் ஓரத்தில், குதி தூக்கி நிற்கிறவள். கூத்து உடுப்பு இல்லை, ஈயத்தாள் இல்லை, மறைத்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஒரு சாண் உருவத்தை விரல் நுனியில் நிறுத்துவது கஷ்டம். இரண்டு முறை முயன்றேன், இரண்டு முறையும் காயும்போது முன்னுக்குச் சரிந்துவிட்டது. கம்பியைப் பாதத்துக்குக் கீழே பலகைக்குள் அடித்து இறக்கவேண்டும் என்று நினைக்கிறேன். தும்பையும் கூட்டவேண்டும், கணுக்காலுக்குக் கிட்ட மட்டும். அவளுக்கு முன்னால் யாரோ விழுந்து கிடக்கிறார்கள் என்பது, அந்த ஆளைச் செய்யாமலே, பார்க்கிறவருக்குத் தெரியவேண்டும். தெரியுமா என்று தெரியாது.

ஆனால் எல்லாவற்றுக்கும் முதல், ஞாயிற்றுக்கிழமை முதல் லோஞ்சில் போய் அவவைக் கேட்கவேண்டும். அவ்வளவு பயந்த நேரத்து முகத்தை ஒருவர் தருவாரா? ஏலாது என்றால் முதுகுப் பக்கம் மட்டும் செய்வேன்: கொண்டை, இறுகிய தோள், தூக்கிய இரண்டு குதிகள். அதற்கும் ஏலாது என்றால் வேறு என்ன செய்வது என்று இன்னும் யோசிக்கவில்லை. எப்படிக் கேட்பது என்பதுதான் மூன்று நாளாக மண்டைக்குள் ஓடுகிறது. "அக்கா" என்று தொடங்குவேன். அதற்குப் பிறகு வருகிற சொல் இன்னும் கிடைக்கவில்லை.